ஒரே இரவில் செய்த வில்

“அன்றிரவே பூவாயி மூங்கிலை வெட்டி, வளைத்து, நாண் பூட்டி, கோழி கூவுவதற்குள் வில்லைச் செய்து முடித்துவிட்டாள்.”

நான் எழுதிக்கொண்டிருந்த சிறுவர் கதையின் மூன்றாம் அத்தியாயம் இப்படித்தான் முடிந்திருந்தது. எழுதியபோது எனக்கே பிடித்துப்போன வரி. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, “பச்சை மூங்கில்லயா தாத்தா?” என்றாள். ஆமாம், அதுக்கென்ன என்றேன். “பச்சைக் குச்சிய வளைச்சா வளைஞ்சபடியே நின்னுக்குமே. திரும்பி வராதே” என்றாள். வேப்பங்குச்சியில் வில் செய்து விளையாடிய அனுபவம் அவளுக்கு உண்டு. எனக்கு அதுகூடக் கிடையாது.

இத்தனைக்கும் மூன்று வருடமாக வில் பிடிக்கிறேன். முப்பத்து மூன்று வருடம் தமிழாசிரியர் வேலை. ஓய்வு பெற்ற மறுமாதம் பேத்தியை வில்வித்தைப் பயிற்சியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். அவள் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. பயிற்சியாளர் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்த பெண். “ஐயா, அம்பு வைக்காம நாணை இழுத்து மட்டும் விட்றாதீங்க, லிம்ப் போயிரும்” என்று முதல் நாளே ஒரு அதட்டு. லிம்ப் என்றால் வில்லின் வளைகிற பாதி. அம்பு இருந்தால் வில்லின் விசை அம்போடு போய்விடும். இல்லையென்றால் அந்த விசை முழுவதையும் வில்லே வாங்கிக்கொள்ள வேண்டும். என்னுடையது 68 அங்குல ரிகர்வ் வில், நுனிகள் வெளிப்பக்கம் வளைந்தது. 18 பவுண்டு இழுவிசையில் தொடங்கி இப்போது 24 பவுண்டு இழுக்கிறேன். காலையில் 18 மீட்டரில் 36 அம்பு, அப்புறம் காபி, அப்புறம் எழுத்து.

எழுத்து என்றால் சிறுவர் கதைதான். வேலையில் இருந்தபோதே பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, கடைசிப் பீரியடில் வாசித்துக் காட்டுவேன். எந்த இடத்தில் பையன்கள் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பிக்கிறார்களோ, அந்தப் பத்தியை அடித்துவிடுவேன். இப்போது வகுப்பு இல்லை. ஒரே ஒரு வாசகி, அவளும் கேள்வி கேட்கிறவள்.

என் ரிகர்வ் வில் பெட்டியில் வந்தது. ரைசர் என்ற நடுப்பிடியில் இரண்டு லிம்பையும் மாட்டி நாண் பூட்டினால் ஆயிற்று. ஒரு கட்டை எப்படி வில்லாகிறது என்று எனக்குத் தெரியாது என்பதை அந்த விரல் காட்டிக்கொடுத்துவிட்டது. சரி, பூவாயி செய்ததை நாமே செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். தையில் தொடங்கியது, முடிய ஆடி ஆகிவிட்டது.

மூங்கில்

கொல்லிமலை அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கம் என்னோடு வேலை பார்த்த நண்பருக்குத் தோட்டம் இருக்கிறது. வேலி ஓரமாகக் கல்மூங்கில் புதர். சாதாரண மூங்கில் குழாய் மாதிரி உள்ளே கூடாக இருக்கும். கல்மூங்கிலில் அடிப்பகுதி ஏறக்குறைய கெட்டி. தடிக்கும் கம்புக்கும் இதைத்தான் தேடுவார்கள். வெட்டினால் வனத்துறை அனுமதி ஏதும் வேண்டுமா என்று எனக்கு ஒரு பயம். 2017-இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நண்பர் சொன்னார். பட்டா நிலத்து மூங்கிலுக்கு இப்போது அந்தத் தொல்லை இல்லை.

எந்தக் கழியை வெட்டுவது என்பதை அவருடைய தோட்டக்காரர் காட்டினார். புதுக்கழி பச்சையாக, வெள்ளை மாவு பூசினாற்போல இருக்கும், அது ஆகாது. மூன்று வருடம் தாண்டியதில் அந்த மாவு போய், தோலில் சாம்பல் நிறத் திட்டுகள் படர்ந்திருக்கும். அரிவாள் முதுகால் தட்டினால் கணீரென்று கேட்கும். இரண்டு கழி வெட்டி, ஆறடி ஆறடியாக நறுக்கி, டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். “என்னங்க சார், வீட்ல விசேஷமா? பந்தலா?” என்று கண்டக்டர் கேட்டார். வில் செய்ய என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

கொடுவாளால் பிளந்து பட்டைகளாக்கி, தண்ணீர்த் தொட்டியில் இரண்டு வாரம் ஊறப்போட்டேன். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத்தான் உளுப்பூச்சி வரும். ஊறினால் அது கரைந்து போகும். கரைகிறபோது நாறவும் செய்யும் என்பதை யாரும் சொல்லவில்லை. “வில்லுமாச்சு வெங்காயமுமாச்சு, மொதல்ல தொட்டியக் காலி பண்ணுங்க” என்று வீட்டம்மா பத்தாம் நாளே சொல்லிவிட்டார். எப்படியோ கெஞ்சி நாலு நாள் ஓட்டினேன். அப்புறம் பட்டைகள் நிழலில் காய்வதற்காகப் பரணுக்குப் போயின. மூன்று மாதம்.

அந்த மூன்று மாதமும் கதை நகரவில்லை. பூவாயியிடம் மூன்று மாதம் இல்லை. அவளுக்கு மறுநாளே வில் வேண்டும். காய்ந்த மூங்கிலுக்கு அவள் எங்கே போவாள்? ஒருநாள் பரணுக்கு ஏறும்போது, ஏறிய ஏணியே மூங்கில்தான் என்று உறைத்தது. அங்கிருந்து ஒரு எட்டுதான்: விறகடுப்புக்கு மேலே, பாட்டியின் பரண் மூங்கில். பல வருடப் புகையில் காய்ந்து கறுத்துப் பூச்சி தொடாமல் கிடப்பது. அதில் ஒன்றை உருவினால் பரண் சாயும், பானைகள் உருளும், பாட்டி விழித்துக்கொள்வாள். புதிதாக ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது. திருட்டு இல்லாத சிறுவர் கதை உப்பில்லாத பண்டம் என்பது என் கட்சி.

முதல் வில்

சித்திரையில் பட்டையை இறக்கினேன். நீளம் 62 அங்குலம். நடுவில் 40 மில்லிமீட்டர் அகலம், இரண்டு நுனியிலும் 15. பென்சிலால் கோடு போட்டு, கொடுவாளால் ஒதுக்கி, அரத்தால் ராவி, கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். இழைப்புளி மூங்கிலின் நாரைப் பிய்க்கிறது. கண்ணாடிச் சில்லோ சுருள் சுருளாகச் சீவித் தருகிறது. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். போடாத நாளின் அடையாளம் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது.

எனக்குச் சுத்தம் முக்கியம். வெளிப்பக்கத்தில் கணுக்கள் முண்டு முண்டாக இருந்தது கண்ணை உறுத்தியது. உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்துச் சமமாக்கினேன். தோல் போய் உள்சதை தெரிந்தது. வழவழவென்று வந்ததும் பெருமையாக இருந்தது. கயிறு கட்டி மெல்ல இழுத்தேன். 10 அங்குலம், 15, 18. இருபதில் ‘படார்’. மேல்பாதியில், நான் பார்த்துப் பார்த்துத் தேய்த்த அதே கணுவில், ஒரு சிலாம்பு எழுந்து கழி இரண்டாக மடிந்தது. துண்டு ஒன்று பறந்து போய்த் துளசிமாடத்தில் விழுந்தது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

உடைந்ததைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நூற்பா ஞாபகம் வந்தது. தொல்காப்பியம், மரபியல்: “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப.” வைரம் வெளியே இருந்தால் அது புல், உள்ளே இருந்தால் மரம். மூங்கில் புல். அதன் வலுவெல்லாம் அந்தப் பளபளப்பான வெளித்தோலிலும் அதை ஒட்டிய நாரிலும்தான். வில்லை இழுக்கும்போது வெளிப்பக்கம் நீளப் பார்க்கும், உள்பக்கம் அமுங்கும். நீளும் பக்கத்தில் நார் அறுந்திருந்தால் கதை முடிந்தது. எத்தனையோ முறை வகுப்பில் ‘உதாரணம்: மூங்கில், தென்னை, பனை’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். உப்புத்தாளைக் கையில் எடுத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

பயிற்சியாளரிடம் துண்டைக் காட்டினேன். சிரிக்கவில்லை, அந்தமட்டுக்கு நல்ல பெண். “எல்லாருக்கும் மொத வில்லு இப்படித்தானுங்க ஐயா. தோல்ல கைய வெக்காதீங்க. உள்பக்கம் மட்டும் சுரண்டுங்க” என்றார். நம் நாட்டில் ‘இந்தியன் ரவுண்டு’ என்ற பிரிவில் இன்றும் மூங்கில் வில்லால்தான் போட்டி நடக்கிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடிய லிம்பா ராமும் ராஜஸ்தானில் மூங்கில் வில்லோடு வளர்ந்தவர்தான். அப்படிப்பட்ட வில்லைப் பெட்டியில் வந்த வில்லுக்கு ஒரு படி கீழே வைத்து நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பும் துளசிமாடத்தில் போய் விழுந்தது.

கரும்பலகை

இரண்டாவது பட்டையில் வெளித்தோலைத் தொடவே இல்லை. விளிம்புகளின் கூர்மையை மட்டும் லேசாக மழுக்கினேன். வேலை முழுக்க உள்பக்கம்தான்.

வில் செய்வதில் கஷ்டமான பகுதி வெட்டுவது இல்லை, இரண்டு பாதியையும் ஒரே மாதிரி வளைய வைப்பது. மூங்கில் கழி அடியில் கனமாகவும் மேலே போகப்போக மெல்லியதாகவும் இருக்கும். அதனால் அடிப்பக்கத்துப் பாதி முரண்டு பிடிக்கும், மேல்பாதி தாராளமாக வளைந்துகொடுக்கும். கண்ணால் பார்த்து இதைப் பிடிப்பது எனக்கு முடியவில்லை.

அப்போது உதவியது என் பழைய கரும்பலகை. ட்யூஷனுக்காக வாங்கியது, கொட்டகையில் கிடந்தது. அதைச் சுவரில் சாய்த்து, அதற்கு முன்னால் ஒரு மரக்கட்டையில் வில்லின் நடுப்பகுதி உட்காருகிற மாதிரி அமைத்தேன். நாணின் நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு உருளை வழியாகக் கொண்டுவந்து, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி இழுத்தேன். வில் வளைந்து நிற்கும்போது பேத்தி அதன் வளைவைப் பலகையில் மஞ்சள் சாக்பீஸால் வரைவாள். கயிற்றை மெல்லத் தளர்த்தி, வில்லைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி அதே எடைக்கு இழுத்தால், இம்முறை சிவப்பு. மஞ்சளும் சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வில் சரி. விலகும் இடமெல்லாம் தப்பு. எங்கே வளையாமல் விறைப்பாக நிற்கிறதோ அங்கே பென்சிலால் குறித்து, பத்துத் தடவை சுரண்டுவது. சுரண்டியதும் உடனே அளக்கக் கூடாது. இருபது முப்பது முறை மெதுவாக இழுத்து விட்டால்தான், சுரண்டியது வளைவில் தெரியும். அப்புறம் மறுபடியும் மஞ்சள், சிவப்பு.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் இது மட்டும் பதினோரு நாள். நான் வைத்த இலக்கு, 26 அங்குலம் இழுக்கும்போது 12 கிலோ, பவுண்டில் 26 சொச்சம். தராசில் 12 கிலோ வந்துவிட்டால், எத்தனை அங்குலத்தில் வந்தாலும் அதற்குமேல் இழுப்பதில்லை என்று விதி. முதல் நாள் 14 அங்குலத்திலேயே 12 வந்தது. பதினோராம் நாள் 26 அங்குலத்தில் பதினொன்றரை. அரைக் கிலோ அதிகமாகச் சுரண்டியிருக்கிறேன். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. விட்டுவிட்டேன்.

கடைசி நாள் பலகையில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து ஒரே ஆரஞ்சுக் கோடாகத் தெரிந்தது. அதை அழிக்க மனம் வராமல் ஒரு வாரம் வைத்திருந்தேன்.

பூவாயியிடம் கரும்பலகை கிடையாது. நிலா வெளிச்சத்தில் பாட்டி வீட்டு வெள்ளைச் சுவரில் வில்லின் நிழல் விழ, அவள் தம்பி கரித்துண்டால் வரைகிறான். நல்ல யோசனை என்று நினைத்தேன். ஆனால் நிலா நகர்ந்துகொண்டே இருக்குமே, வில்லைத் திருப்பி மாட்டுவதற்குள் நிழலும் நகர்ந்துவிடுமே என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு பௌர்ணமியில் மாடியில் நின்று செய்து பார்த்தேன். வேகமாகத் திருப்பினால் ஒத்துவருகிறது. அகல்விளக்கு இன்னும் வசதி, ஆனால் விளக்கு நகர்ந்தால் நிழலின் அளவே மாறிவிடுகிறது. அதனால் நிலாவே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

நாண்

வேலியோரத்தில் மருள் வளரும். கத்தி மாதிரி நீண்ட சதைப்பற்றான இலை. ஆங்கிலத்தில் இதற்கு ‘வில்நாண் சணல்’ என்று பொருள்படும் பெயர்தான். நாற்பது இலை அறுத்து, பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டி, அலசி, நிழலில் காயப்போட்டால் வெள்ளையாக, தலைமுடி மாதிரி நார் வருகிறது. நாற்பது இலைக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடிதான். தொடையில் வைத்து ஒவ்வொரு புரியையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் இடப்பக்கமாகப் பின்ன வேண்டும். எதிரெதிர் முறுக்கு என்பதால் ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். என் அப்பா கிணற்றுக் கயிறு திரித்ததைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு ஞாபகம் இருந்த அளவு கைக்கு இல்லை.

வில்லின் இழுவிசையைப்போல நாலைந்து மடங்காவது நாண் தாங்க வேண்டும். 12 கிலோ வில்லுக்கு ஐம்பது அறுபது கிலோ. மாமரக் கிளையில் நாணைக் கட்டி 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்டேன், நின்றது. இரண்டாவது சிப்பத்தைச் சேர்த்ததும் முடிச்சில் அறுந்தது. கயிறு பெரும்பாலும் முடிச்சில்தான் அறும். அங்கே வளைவு கடுமையாக இருப்பதால் இழைகள் சமமாகப் பாரம் சுமப்பதில்லை. அரிசி சிந்திய விஷயத்தை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

அடுத்த தடவை முடிச்சுக்குப் பதில், நுனியை மடக்கி நாணோடு சேர்த்தே திரித்து வளையம் பண்ணினேன். புரியும் மூன்று. ஐம்பது கிலோ தாங்கியது. ஆனால் சுண்டுவிரலில் பாதி கனம். அம்பின் குதையில், அதாவது நாணில் மாட்டும் வால்பக்கப் பிளவில், அது நுழையவே இல்லை. ஆக, எனக்கு டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூல், பூவாயிக்கு மருள் என்று பாகம் பிரித்துக்கொண்டோம். டேக்ரானில் ஒரு இழையே சுமார் 22 கிலோ தாங்கும். பன்னிரண்டு இழை போட்டேன். தேன்மெழுகு தடவி, நடுவில் அம்பு உட்காரும் இடத்தில் நைலான் நூலை நெருக்கமாகச் சுற்றினால் நாண் தயார்.

நாணுக்கும் வில்லின் பிடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? பயிற்சியில் இதை பிரேஸ் ஹைட் என்போம், அளவுகோல் வைத்துப் பார்ப்போம். அளவுகோல் இல்லாத காலத்துக் கணக்கு, கையை முட்டியாக மடக்கிக் கட்டைவிரலை மேலே நீட்டினால் வரும் உயரம். எனக்கு ஆறு அங்குலம், இந்த வில்லுக்குச் சரியாக இருக்கிறது. பேத்தியின் கைக்கு நாலரைதான் வந்தது. நாலரையில் நாண் பூட்டி ஒரு அம்பு விட்டுப் பார்த்தால், இடது முன்கையில் சுளீரென்று அடித்துத் தடிப்பு எழுந்தது. பூவாயிக்கும் முதல் அடி அங்கேதான் விழுகிறது. சின்னக் கையால் அளந்த குற்றம். நாணை இன்னும் பத்து முறுக்கு முறுக்கினால் அது நீளம் குறைந்து இடைவெளி கூடும் என்று அவளாகவே கண்டுபிடிக்கிறாள்.

அம்பு

எல்லோரும் வில்லைத்தான் பாடுகிறார்கள். உண்மையில் உயிரை வாங்குவது அம்பு. வில் ஒன்றுதான், அம்பு ஆறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மூங்கில் சிம்புகளை 9 மில்லிமீட்டர் சதுரமாகச் சீவி, உப்புத்தாளை உள்ளங்கையில் மடித்துப் பிடித்து உருட்டினேன். பட்டறையில் ஒரு இரும்புத் தகட்டில் 8 மில்லிமீட்டர் துளை போட்டுத் தந்தார்கள். அதற்குள் வழுக்கிப் போகும்வரை உருட்டுவது. வளைந்த இடத்தை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி, முழங்காலில் வைத்து நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும். பன்னிரண்டு சிம்பில் ஏழு தேறின.

அப்புறம் விறைப்பு. அம்பு வில்லின் நடுவே போவதில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டுதான் கிளம்புகிறது. விட்ட கணத்தில் அது மீன் மாதிரி நெளிந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு போய், பிறகு நேராகிறது. அதிக விறைப்பானால் வலக்கைக்காரனுக்கு அம்பு இடப்பக்கம் விழும், துவண்டால் வலப்பக்கம். வில்லுக்கேற்ற நெளிவு வேண்டும். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின்மேல் அம்புத்தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று பார்ப்பது. 26-ஐ அந்த அளவால் வகுத்தால் எத்தனை பவுண்டு வில்லுக்கு அந்த அம்பு பொருந்தும் என்று தெரியும். என் வில் 25 பவுண்டு சொச்சம், ஆக ஏறக்குறைய ஒரு அங்குலம் தாழ வேண்டும். எடைக்குத் தண்ணீர் பாட்டில். பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்து 907 கிராம் வருகிறவரை சமையலறைத் தராசில் ஊற்றினேன். ஒரு அங்குலத்தைவிடக் குறைவாகத் தாழ்ந்த தண்டுகளை நடுவில் உருட்டித் தேய்த்துத் தேய்த்து இளைக்க வைத்தேன். ஏழில் ஒன்று இளைத்தது போதாதென்று முறிந்தும் போனது. ஆறு.

குதையைக் கணுவுக்குச் சற்று மேலே வருகிற மாதிரி வெட்டினேன். மூங்கில் நெடுகப் பிளக்கும் சுபாவம் கொண்டது, கணு இருந்தால் பிளவு அங்கே நிற்கும். போதாததற்கு அடியில் நூலையும் சுற்றினேன். முனைக்கு வாங்கிய பித்தளைக் குப்பி.

இறகுக்கு வான்கோழி. இறைச்சிக் கடைக்காரர் ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார். மூன்று இறகு, நாலு அங்குல நீளம், ஒன்றுக்கொன்று 120 பாகை. முதல் அம்பு சீராகவே பறக்கவில்லை, பின்பக்கம் ஆட்டம் போட்டது. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு இறகு ஒரு பக்கம் வளைந்தது, மூன்றாவது எதிர்ப்பக்கம். இடது சிறகு இறகும் வலது சிறகு இறகும் கலந்துவிட்டன. ஒரே அம்பில் ஒரே பக்கத்துச் சிறகுதான் இருக்க வேண்டும், அப்போதுதான் அது ஒரே திசையில் சுழலும். பையை முழுக்கக் கொட்டி, இடம் வலம் என்று பிரிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. பிரித்து முடித்ததும் மின்விசிறியைப் போட்டவர் பெயரை நான் இங்கே சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருக்க வேண்டியவன்.

எய்தது

ஆடி பிறந்திருந்தது. கொல்லிமலை மேலே செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிற மாதம். ஓரியைப் பற்றி வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆவது பாட்டு. ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். வகுப்பில் இதைச் சொல்லும்போது பின்பெஞ்சுப் பையன் ஒருவன், “ஐயா, அஞ்சும் ஒரே வரிசையில நின்னுச்சுங்களா?” என்று கேட்டதுண்டு. ஏகலைவன் கதை வரும்போது, கட்டைவிரல் இல்லாமல் வில் விடவே முடியாதா என்று கேட்பார்கள். அன்றைக்கு மழுப்பினேன். இன்றைக்குக் கேட்டால் கையில் காட்டுவேன். நான் இழுப்பது அம்புக்கு மேலே ஆள்காட்டி விரலும் கீழே அடுத்த இரண்டு விரலுமாக. கட்டைவிரல் நாணைத் தொடுவதே இல்லை. கட்டைவிரலைக் கொக்கி மாதிரி மடக்கி இழுக்கும் முறை வேறு. அந்த முறைக்காரனிடம்தான் அந்த விரலைக் கேட்க முடியும்.

கொல்லையில், மதில் சுவரை ஒட்டி, பழந்துணி திணித்த இரண்டு சாக்குகளை அடுக்கினேன். அந்தப் பக்கம் யாரும் வராதபடி வீட்டம்மாவைக் கதவுக்குக் காவல் வைத்தேன். பத்து மீட்டர். அம்பை லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வருகிறதா என்று காதருகே பார்த்துவிட்டு, குதையை நாணில் ஏற்றினேன். இழுப்பு பெட்டி வில்லைவிடக் கடினமாக இருந்தது. கடைசி இரண்டு அங்குலத்தில் தோள்பட்டை முனகியது. விட்டேன்.

சாக்கில் ‘தொப்’. யானையும் புலியும் எங்கே, ஒரு சாக்கைக்கூட முழுக்கத் துளைக்கவில்லை. ஆனால் அம்பு நேராகப் போயிற்று. கையில் ரிகர்வ் வில்லின் அதிர்வு இல்லை, வேறு மாதிரி ஒரு சின்ன உதறல். இறகு காற்றில் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் எனக்குப் புதிது. என் வழக்கமான அம்புகளில் பிளாஸ்டிக் இறகு, அவை பேசுவதில்லை.

ஆறு அம்பில் ஐந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தன. நாலாம் எண் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் இடப்பக்கம். மறுபடி ஆணியில் வைத்துப் பார்த்தால் முக்கால் அங்குலம்தான் தாழ்கிறது. அளந்தபோது அவசரப்பட்டிருக்கிறேன். தேய்த்துச் சரிசெய்ததும் அதுவும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. அந்த நாலாம் அம்பு கதைக்குள் அப்படியே போய்விட்டது. எப்போதும் இடப்பக்கமே போகும் அம்பு என்றால் குழந்தைகளுக்கு உடனே ஒரு ஆள் ஆகிவிடும். பூவாயி அதற்குக் ‘கோணையன்’ என்று பெயர் வைத்து, குறிக்கு வலப்பக்கமாகவே எய்கிறாள்.

ஒரு வாரம் பழகியபின் ரிகர்வ் வில்லையும் இதையும் மாற்றி மாற்றி எய்து பார்த்தேன். புள்ளி கணக்குப் பார்த்தால் பெட்டி வில்தான் வெல்லும், சந்தேகமே இல்லை. அதில் குறிபார்க்கச் சைட் உண்டு, அம்பு வைக்கத் தாங்கி உண்டு. இதில் அம்பை என் கைமுட்டியின் மேல்தான் வைக்கிறேன். அதனால் அந்த இடத்தில் ஒரு கீறல் நிரந்தரமாக இருக்கிறது, பழைய செருப்புத் தோலை வெட்டிச் சுற்றிக்கொள்கிறேன். மூங்கில் வில்லை எய்து முடித்ததும் நாணை அவிழ்த்துவிட வேண்டும். பூட்டியே வைத்தால் வளைந்தபடி பழகி, விசை போய்விடும். என் வில் இப்போதே நாண் இல்லாமலும் முக்கால் அங்குலம் வளைந்துதான் நிற்கிறது. அந்த அளவு பரவாயில்லை என்றார் பயிற்சியாளர்.

மூன்றாம் அத்தியாயம் இப்போது நாலு அத்தியாயமாகிவிட்டது. பரண் திருட்டு, உடைந்த வில், நிலா நிழல், கோணையன். ஒரே இரவு நாற்பது இரவாக நீண்டது. முன்பு ஒரு சிறுவர் இதழ் என் கதை ஒன்றை வேகம் போதாது என்று திருப்பி அனுப்பியது. இதையும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ. முக்கியமான வாசகி முதலில் படிக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டைக் கொடுத்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்து, கடலை மிட்டாய் கடித்துக்கொண்டு படித்தாள். உடைந்த வில் அத்தியாயத்தில் கடிப்பது நின்றது. வகுப்பில் முப்பத்து மூன்று வருடம் எதைப் பார்த்துக் கதையைத் திருத்தினேனோ அதையே இப்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் என் சிவப்பு மைப் பேனாவைக் கேட்டு வாங்கி, ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டாள்.

“களைத்துப்போன பூவாயி வில்லைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனாள்.”

“நாண அவுக்காமயே தூங்கிட்டா பாரு தாத்தா.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில், என் வில் நாணோடு தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை எய்தது. எழுந்து போய் அவிழ்த்து, தரையில் கிடத்தி, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குலம்.